ஒரு நிமிடம் யோசிக்கலாம்

உங்களுக்கு முக்கியமான ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது எங்கே எடுத்தது? யார் எடுத்தது? அதில் என்ன தெரிகிறது? அது ஏன் உங்களுக்கு முக்கியம்? யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடம்.

ரெடியா? ஒரு சின்ன நிபந்தனை... இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எதிரில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் பேசுவது எல்லாம் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும்.

வியர்க்கிறதா? கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வியர்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நாலு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். நாலு பேரும் நர்ஸ்கள். அதில் ஒருத்தரை மொத்தக் குடியிருப்புக்கும் தெரியும். வாட்ச்மேன் தாத்தாவுக்கு பி.பி. பார்ப்பது அவர்தான். என் அம்மாவுக்கு இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் 'சிஸ்டர்'. ஊர் நாமக்கல் பக்கம். அதட்டும்போதுகூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் அதட்டுவார்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து பெல் அடித்தார். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தடிப் புத்தகம்.

"அண்ணா, நீங்க பத்திரிகையில இருக்கீங்கல்லங்க... எங்கூடக் கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசோணும்."

"நான் தமிழ்ப் பத்திரிகைம்மா..." என்று இழுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் மீடியம். பி.காம். என் இங்கிலீஷ் பேலன்ஸ் ஷீட்டோடு நின்றுபோன இங்கிலீஷ். பிரஸ் மீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றால், அதை நோட்டில் எழுதி, மனசுக்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்குவேன். அதற்குள் பாதி நாள் பிரஸ் மீட் முடிந்துவிடும்.

"பரவால்லீங்கண்ணா. நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. பதில் நான் சொல்லிக்கறேன்" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

ஐயெல்ட்ஸ் தெரியுமில்லையா? வெளிநாட்டுக்குப் படிக்கவோ, வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்கு மார்க். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதுவதில் ஆறரை, மற்ற மூன்றிலும் ஏழு வேண்டும். சிஸ்டர் ஒரு தடவை எழுதிவிட்டார். கேட்பதில் ஏழரை, படிப்பதில் ஏழு, எழுதுவதில் ஆறரை. எல்லாம் சரி. பேசுவதில் மட்டும் ஆறு.

ஒரே ஒரு மார்க். தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். சிஸ்டரின் சம்பளத்தில் வாடகை, கல்விக் கடன் தவணை, ஊரில் தம்பியின் காலேஜ் ஃபீஸ் போக மிஞ்சுவதைச் சேர்த்தால், அந்தக் கட்டணத்துக்கே ஐந்து மாதம் ஆகும். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் இத்தனையும் வரிசையில் நிற்கிறது.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று சாதாரண விசாரிப்பு. அடுத்து ஒரு அட்டை தருவார்கள். அதில் ஒரு விஷயம் இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் வரை நிறுத்தாமல் பேச வேண்டும். மூன்றாவது, அதையொட்டி ஒரு விவாதம். என்ன தலைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், கோச்சிங் சென்டரில் தலைப்பு வாரியாகப் பதில்களை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாரத்துத் தலைப்பு: போட்டோகிராபி அண்டு மீடியா. அதனால்தான் மீடியாக்காரன் வீட்டு பெல் அடித்தது.

செல்போனில் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நான் கேள்வியைப் படித்தேன். டிஸ்க்ரைப் எ போட்டோகிராஃப் தட் இஸ் இம்பார்ட்டன்ட் டு யூ.

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி மடை திறந்தது. "வெல், ஐ வுட் லைக் டு டாக் அபவுட் எ மெஸ்மரைசிங் போட்டோகிராஃப் டேக்கன் பை மை கிராண்ட்ஃபாதர், ஹூ வாஸ் எ பேஷனேட் போட்டோகிராபர்..."

தாத்தா மலை உச்சிக்குப் போகிறார். சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கிறார். கிளிக். நடுவில் ஒரு இடத்தில் 'எ பிக்சர் இஸ் வொர்த் எ தவுசண்ட் வேர்ட்ஸ்' வந்தது. சரியாக ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் முடித்துவிட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பிரமாதம்மா. ஆமா, உங்க தாத்தா போட்டோகிராபரா?"

"அட, நீங்க வேறங்கண்ணா! அப்புச்சி கடலைக்காட்டுல களை வெட்டிட்டு இருந்தாரு. கேமராவத் தொட்டே இருக்க மாட்டாரு."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். அதே சென்டரில் படிக்கும் அத்தனை பேருக்கும் அதே தாத்தா. அதே மலை. அதே சூரியன். தேர்வாளர் ஒரே நாளில் எத்தனை பேஷனேட் தாத்தாக்களைத்தான் சந்திப்பார்? சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நாலையும் சமமாகப் பார்த்துத்தான் மார்க். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியே உண்டு. தாத்தாவைப் பற்றிக் கடகடவென்று கொட்டிவிட்டு, 'அந்த கேமரா இப்போ எங்கே?' என்று ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் திருதிருவென்று முழித்தால்... ஆறு. சிஸ்டருக்குப் போன தடவை நடந்தது ஏறக்குறைய அதுதான்.

மறுநாள் மூன்றாவது பகுதி. கேள்வி: செய்திகளில் வரும் புகைப்படங்கள் முக்கியமா? அவற்றை நம்பலாமா?

இது என் ஏரியா. விடுவேனா? சிஸ்டர் பேச வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன், அதுவும் தமிழில். 1984 போபால் விஷவாயு விபத்தைச் சொன்னேன். மண்ணுக்குள் போகும் ஒரு குழந்தையின் முகத்தை பாப்லோ பர்த்தலோமியோ எடுத்தது, அது அந்த வருடத்தின் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' விருதைப் பெற்றது, ரகு ராயும் அந்தக் குழந்தையைப் படம் எடுத்தது, உலகமே பார்த்த அந்த முகத்தின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாமல் போனது... எல்லாம் சொன்னேன். 2004 சுனாமிக்கு வந்தேன். அலை அடித்த இரண்டாம் நாள், டிசம்பர் 28, கடலூர். மணலில் கவிழ்ந்து, இரண்டு கைகளையும் விரித்து ஒரு பெண் அழுகிறாள். படத்தின் ஓரத்தில், இறந்துபோனவரின் கை மட்டும். ராய்ட்டர்ஸுக்காக ஆர்கோ தத்தா எடுத்த படம். அதுவும் அந்த வருடத்துக்கான 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' விருதை வாங்கியது.

"ஒரு படம்மா... ஆயிரம் கட்டுரை எழுதினாலும் வராதது அதுல இருக்கு" என்று முடித்தேன். கவனித்தீர்களா, கோச்சிங் சென்டர் வசனத்தையேதான் நானும் தமிழில் ஒப்பித்திருக்கிறேன்.

சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

"அண்ணா, பேப்பர்காரங்க ஊட்டுக்கு வந்து போட்டோ வாங்கிட்டுப் போனாங்கன்னா... திருப்பித் தருவாங்களாங்க?"

ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

சிஸ்டரின் அப்பா லாரி டிரைவர். 2007-ல் நெடுஞ்சாலையில் ஒரு விபத்தில் போய்விட்டார். அப்போது சிஸ்டருக்கு ஒன்பது வயது. அம்மா, அப்பா கல்யாணம் வீட்டை எதிர்த்துக் கோயிலில் நடந்ததால் கல்யாண ஆல்பம் எல்லாம் கிடையாது. பிறகு நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் ரெண்டு பேரும் நின்று எடுத்துக்கொண்டதுதான் வீட்டில் இருந்த ஒரே படம். சாவு வீட்டுக்கு ஒரு நிருபர் வந்திருக்கிறார். 'நாளைக்கே கொடுத்துடறேன்' என்று சொல்லி, ஃப்ரேமிலிருந்து உருவி வாங்கிப் போயிருக்கிறார்.

"மறுநாள் பேப்பர்ல வந்துச்சுங்கண்ணா. ஸ்டாம்ப் சைஸ்ல. அம்மாவ வெட்டிட்டாங்க. அம்மாவோட தோள்பட்டை மட்டும் ஓரத்துல இருக்கும். படம் திரும்பி வரவே இல்ல. அம்மா ரெண்டு வாட்டி பஸ் ஏறிப் போய்க் கேட்டாங்க. அந்தாளு வேற ஊருக்கு மாத்தலாகிட்டாருன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் அந்த பேப்பரையே வெட்டிக் கொண்டுபோய், ஸ்டுடியோவுல பெருசு பண்ணி மாட்டுனோம்."

கொஞ்சம் நிறுத்தி, சிரிக்கிற மாதிரி சொன்னார்.

"பேப்பர் படம்னா புள்ளி புள்ளியாத்தான இருக்கும். பெருசு பண்ணுனா புள்ளியும் பெருசாயிருச்சுங்க. கிட்டப் போய்ப் பாத்தா அப்பா இருக்க மாட்டாரு, வெறும் புள்ளிதான். வாசப்படிக்குப் போய்த் திரும்பிப் பாத்தா... அப்ப அப்பா வருவாரு."

அந்த நிருபர் நானில்லை. அதை உங்களிடம் சத்தியம் செய்தே சொல்ல முடியும். நாமக்கல்லில் நான் வேலை பார்த்ததே கிடையாது. ஆனால், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் மேஜையின் கடைசி டிராயரில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது.

2005 ஜனவரி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். சுனாமி செய்தி சேகரிக்க நாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போன நேரம். எங்கள் தொழிலில் ஒரு எழுதப்படாத விதி உண்டு. சாவுச் செய்திக்குப் போனால் போட்டோ இல்லாமல் திரும்பக் கூடாது. நாகைக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தில், எட்டு வயசுப் பையனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அலை வாரிக்கொண்டு போயிருந்தது. பையனின் மாமா வீட்டில் இருந்ததால் ஒரே ஒரு படம் மட்டும் தப்பித்திருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவில், அட்டை விமானத்தில் உட்கார்ந்து, கைகாட்டிக்கொண்டிருக்கிறான்.

'நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துடறேம்மா' என்றேன். பாருங்கள், அதே வசனம். எங்கள் தொழிலுக்கும் ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது போல.

மறுநாள் வேறு ஊருக்கு போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் சென்னை. தபாலில் அனுப்பலாம் என்றால், வீடே இல்லாத ஊரில் எந்த விலாசத்துக்கு அனுப்புவது? இந்த சமாதானம் எனக்கு ஒரு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு, 'இனிமேல் எப்படிப் போய் முகத்தைக் காட்டுவது' என்ற கூச்சம் வந்தது. அது இருபது வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. நாலு வீடு மாறினேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கவரும் கூடவே வந்தது. தூக்கிப் போடவும் முடியவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை.

பி.காம் முதல் வருடம் முதல் பாடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'பெறுபவர் கணக்கில் பற்று வை. தருபவர் கணக்கில் வரவு வை.' மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன், ஒரு வரவை இருபது வருடமாக எழுதாமலேயே வைத்திருந்தேன்.

அடுத்த நாள் சிஸ்டர் வந்ததும், "அந்த புத்தகத்தை மூடிவைம்மா. நேத்து என்கிட்ட சொன்னியே, அதையே இங்கிலீஷில் சொல்லு" என்றேன்.

"அதெல்லாம் வராதுங்கண்ணா. அதுக்கு வேர்ட்ஸே தெரியாது."

"தெரிஞ்ச வேர்ட்ஸ்ல சொல்லு."

தடுமாறித்தான் சொன்னார். மெஸ்மரைசிங் எல்லாம் இல்லை. 'வாஸ்'க்கு பதில் 'இஸ்' வந்தது. ஆனால், கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். "வென் ஐ கோ நியர், மை ஃபாதர் இஸ் நாட் தேர். ஒன்லி டாட்ஸ். வென் ஐ ஸ்டாண்ட் அட் தி டோர், ஹி கம்ஸ்."

கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். எந்த ஸ்டுடியோ? என்ன கலர் சட்டை? அம்மா ஏன் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளவில்லை? எதற்கும் முழிக்கவில்லை. தெரிந்த விஷயமாயிற்றே... வார்த்தைக்குத்தான் தேடல், பதிலுக்கு இல்லை. அதற்கப்புறம் மூன்று வாரம், நதி, ஆசிரியர், பிடித்த சாப்பாடு என்று எந்தத் தலைப்பு வந்தாலும் எங்களுக்குள் ஒரே விதி: உன்னுடையதை மட்டும் சொல். இலக்கணத்தை என் மனைவி திருத்தினாள். எனக்கும் சேர்த்து.

இதற்கிடையில் ஒரு நாள் நானும் அந்தக் கவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊரு தெரியும்ல்லங்கண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்."

"அப்புறம் என்னங்க?"

தேர்வு நாள் வந்தது. போட்டோவும் வரவில்லை, மீடியாவும் வரவில்லை. 'கூட்டமாக இருக்கும் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று வந்ததாம். அங்கே புத்தகத்தில் இருந்தது ஏதோ ஷாப்பிங் மாலாம். சிஸ்டர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையைச் சொல்லியிருக்கிறார். வெல்டிங் பொறி, பெயின்ட் வாசனை, சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தது... "ட்ரக்குன்னு சொல்லோணுமோன்னு ஒரு நிமிஷம் பயமாயிருச்சுங்க. அப்புறம் லாரின்னே சொன்னேன். அவங்க ஊர்லயும் லாரிதானாம்ங்கண்ணா!"

ரிசல்ட்: ஏழு.

ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றவரிடம் நான் வாழ்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, படியிறங்கும்போது திரும்பிக் கேட்டார். "போய்ட்டு வந்துட்டீங்களாங்கண்ணா?"

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன்.

பழைய இடத்தில் ஊர் இல்லை. கடலை விட்டுத் தள்ளி, சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருந்தார்கள். அந்த வீடுகளே பழசாகி, கம்பி தெரியத் தொடங்கியிருந்தது. படத்தைக் காட்டி விசாரித்தேன். நாலாவது ஆள் அடையாளம் சொல்லிக் கூட்டிப் போனார். அந்த அம்மா வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை.

என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. கவரைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ சின்னப் புள்ளையாவா இருந்தான்..." என்றார், என்னிடம் இல்லை.

பேத்தியைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்கான பதிலை பஸ்ஸில் ஏழு மணி நேரம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பேப்பர்ல வந்துச்சா தம்பி?" என்றார்.

வரவில்லை. அன்றைக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் நிவாரணம் வழங்கிய படம் பெரிதாகப் போய்விட்டது. பக்கத்தில் இடமில்லை. அந்தப் பையனைப் பற்றி நான் எழுதியதில் மிஞ்சியது நாலு வரி. படம் இல்லை. ஒரு அம்மாவிடமிருந்து கடைசிப் படத்தை வாங்கிக்கொண்டு போய், அதை அச்சில்கூடப் போடாமல் டிராயரில் வைத்திருந்தேன். அந்த அம்மாவோ, தன் பிள்ளையின் முகத்தை ஊரெல்லாம் பார்த்திருக்கும் என்ற நினைப்பிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறார்.

'வந்துச்சும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அவருக்கும் சந்தோஷம். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யோசிக்க ஒரு நிமிடம் தருவார்களே, அந்த ஒரு நிமிடத்தை இங்கே யாரும் தரவில்லை.

"வரலம்மா. இடமில்லாமப் போயிடுச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"அப்ப... இந்தப் படம் ஒண்ணுதான்" என்று சொல்லி, அதை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். தெருமுனை வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா முடிச்சை அவிழ்த்து, படத்தை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடாத வயசான கண்ணுக்கு, தூரத்தில் வைத்தால்தானே முகம் தெரியும்.